1,600 தீயணைக்கும் படைகளை ஒன்றாக்கிய ஒற்றைக்கண் மந்திரி

லண்டன் பற்றி எரிந்தபோது ஹெர்பர்ட் மோரிசன் எடுத்த துணிச்சலான முடிவு

போலீஸ்காரர் மகன். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. படிப்பு 14 வயதோடு சரி. கடையில் எடுபிடி வேலை பார்த்த பையன்.

இந்தப் பையன்தான் பின்னாளில் இங்கிலாந்தின் உள்துறை மந்திரி ஆனார். ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த 1,600க்கும் அதிகமான தீயணைக்கும் படைகளை ஒரே கோடையில் ஒரே படையாக்கினார். ஊர் சிரித்த தொண்டர் படைக்காரர்களும் அதில் சரிசமமாகச் சேர்ந்தார்கள்.

அவர் பெயர் ஹெர்பர்ட் மோரிசன்.

கடைப் பையன்

1888-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி தெற்கு லண்டனில் ஸ்டாக்வெல் பகுதியில் மோரிசன் பிறந்தார். வீட்டில் 7 பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி. அப்பா சாதாரண போலீஸ் கான்ஸ்டபிள். அம்மா கல்யாணத்துக்கு முன் வீட்டு வேலை செய்தவர்.

பிறந்த சில நாளிலேயே வலது கண்ணில் நோய் கண்டு பார்வை போய்விட்டது. கடைசி வரை ஒரு கண்ணோடுதான் வாழ்ந்தார்.

பள்ளியை விட்டதும் கடை வேலை. அப்புறம் டெலிபோன் இணைப்பு கொடுக்கும் வேலை. கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார். தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். 1915-ல் லண்டன் தொழிலாளர் கட்சிக்குச் செயலாளர் ஆனார்.

முதல் உலகப் போர் நடந்த நேரம் அது. போரே கூடாது என்றார் மோரிசன். துப்பாக்கி எடுக்க மறுத்ததால் அவரை லெட்ச்வொர்த் என்ற ஊரில் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். மண்வெட்டி பிடித்தார். இதே மனிதர்தான் அடுத்த உலகப் போரில் நாட்டு மக்களைக் குண்டு வீச்சில் இருந்து காப்பாற்றும் மந்திரியாக வந்து உட்கார்ந்தார். காலம் செய்கிற வேடிக்கை!

1920-ல் ஹாக்னி பகுதிக்கு மேயர். 1923-ல் பார்லிமெண்ட் மெம்பர். 1929-ல் போக்குவரத்து மந்திரி.

லண்டனில் அப்போது பஸ் ஒரு கம்பெனி, டிராம் ஒரு கவுன்சில், பாதாள ரெயில் இன்னொரு கம்பெனி என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓட்டிக்கொண்டு இருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர மோரிசன் மசோதா தயாரித்தார். இடையில் பதவி போய்விட்டது. ஆனாலும் 1933-ல் அந்தத் திட்டம் நிறைவேறியது. லண்டன் பஸ்சில் ஏறுகிறவர்கள் அவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

1934-ல் லண்டன் கவுன்சிலைத் தொழிலாளர் கட்சி பிடித்தது. மோரிசன் தலைவர் ஆனார். லண்டன் தீயணைக்கும் படை அந்தக் கவுன்சிலின் சொத்து. தேம்ஸ் நதிக்கரையில் லாம்பெத் பகுதியில் அந்தப் படைக்குப் புதிய தலைமை நிலையம் 1937-ல் திறக்கப்பட்டது அவர் காலத்தில்தான். ஆகவே தீயணைக்கும் படை என்பது அவருக்கு பைல் பார்த்துத் தெரிந்த விஷயம் அல்ல. கணக்கு வழக்கு, சம்பளச் சண்டை, பம்பு விலை எல்லாம் அத்துப்படி.

ஊருக்கு ஒரு ராஜா

அந்தக் காலத்து இங்கிலாந்தில் தீயணைக்கும் படை என்பது அந்தந்த ஊர்க் கவுன்சிலின் பொறுப்பு. 1938-ல் சட்டம் வரும்வரை அதுவும் கட்டாயம் இல்லை. வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பெரிய நகரத்தில் நல்ல படை இருக்கும். சின்ன ஊரில் ஒரு பழைய பம்பு, நாலு பேர். பல ஊர்களில் போலீஸ்காரர்களே தொப்பியை மாற்றிக்கொண்டு தீயணைக்க ஓடுவார்கள். பக்கத்து ஊரில் தீப்பிடித்தால் போகலாமா, போனால் செலவு யார் தருவது என்று தகராறு வேறு.

படைக்குப் படை உடுப்பு வேறு, பதவிப் பெயர் வேறு, பயிற்சி வேறு. எல்லாவற்றையும் விட மோசம், குழாயின் மரை வேறு! ஒரு ஊர்க் குழாய் அடுத்த ஊர் குழாயோடு சேராது. வீட்டுக் குழாய்க்கு வாஷர் வாங்கப்போய் அளவு பொருந்தாமல் திரும்பி வந்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். இங்கே ஒரு ஊரே எரிந்துகொண்டு இருக்கும்போது அந்த நிலைமை.

வாரம் 3 பவுண்டு ஆட்கள்

ஹிட்லர் போருக்குத் தயாராகிறான் என்பது தெரிந்ததும் 1938 தொடக்கத்தில் துணைத் தீயணைக்கும் படை என்ற பெயரில் தொண்டர்களைத் திரட்டினார்கள். லண்டனில் பழைய படையில் இருந்தவர்கள் சுமார் 2,500 பேர்தான். தொண்டர்களாக வந்து சேர்ந்தவர்கள் 20 ஆயிரத்துக்கும் மேல்!

குமாஸ்தா வந்தார். கடைக்காரர் வந்தார். டாக்சி டிரைவர், தச்சர், ஓவியர், எழுத்தாளர் எல்லோரும் வந்தார்கள். பெண்களும் வந்தார்கள். போர் தொடங்கியதும் முழு நேர வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஆண்களுக்கு வாரம் 3 பவுண்டு, பெண்களுக்கு 2 பவுண்டு. பகலில் சொந்த வேலை, ராத்திரியில் தொண்டு என்று சம்பளம் வாங்காமல் வந்தவர்களும் உண்டு.

வண்டி? லண்டனில் 2,000க்கும் மேற்பட்ட டாக்சிகளை வாடகைக்குப் பிடித்து, பின்னால் பம்பை மாட்டி இழுத்தார்கள். காலியான பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள்.

1939 செப்டம்பரில் போர் வந்தது. குண்டு வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், எட்டு மாதம் ஆயிற்று. தொண்டர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஊர் சிரித்தது. ராணுவத்துக்குப் போகப் பயந்து வாரம் 3 பவுண்டு வாங்கித் தின்கிற சோம்பேறிகள் என்று பேசினார்கள். பத்திரிகைகளும் கேலி செய்தன. அவமானம் தாங்காமல் விலகியவர்கள் பலர்.

பழைய படைக்காரர்களும் இவர்களை மதிக்கவில்லை. எங்களுடையது தொழில், உங்களுடையது பொழுதுபோக்கு என்கிற மாதிரி நடத்தினார்கள். ஒரே நெருப்பில் நிற்கிறவர்களுக்கு இரண்டு விதச் சட்டம். வேலையில் காயம்பட்ட தொண்டருக்குச் சில வாரம்தான் முழுச் சம்பளம். அதற்குள் எழுந்து வராவிட்டால் வேலை போயிற்று.

அவர்கள் பக்கம் நின்றது தீயணைப்போர் சங்கம். அதன் செயலாளர் ஜான் ஹார்னர். வயது முப்பதுகூட ஆகவில்லை. பழைய ஆட்களில் பலர் முணுமுணுத்தும் கேட்காமல், தொண்டர்களுக்கும் சங்கத்தில் இடம் கொடுத்தார்.

மிளகு எரிந்தது, சர்க்கரை எரிந்தது

1940 செப்டம்பர் 7. சனிக்கிழமை மாலை. ஜெர்மன் விமானங்கள் லண்டன் துறைமுகத்தின் மேல் வந்தன.

கிடங்குகள் பற்றின. மரக் கிடங்கு எரிந்தது. மிளகுக் கிடங்கு எரிந்தபோது காற்றே காரமாகி மூச்சு விட முடியவில்லை. சர்க்கரை உருகி எரிந்தபடியே தண்ணீரில் மிதந்தது. ரம் பீப்பாய்கள் வெடித்தன. ரப்பர் எரிந்து கறுப்புப் புகை கிளப்பியது.

அன்று குழாய் பிடித்த தொண்டர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒரு நிஜமான தீயைக்கூட அணைத்தது இல்லை!

தொடர்ந்து 57 ராத்திரி லண்டனில் குண்டு விழுந்தது. சுவர் இடிந்து விழுந்து தீயணைக்கிறவர்கள் செத்தார்கள். நனைந்த உடுப்பு காய்வதற்குள் அடுத்த சங்கு ஊதியது. மாற்று உடுப்பு பலருக்கு இல்லை. நேற்றுவரை சோம்பேறிகள் என்று பேசிய அதே ஜனங்கள் தெருவில் அவர்களைப் பார்த்துக் கை தட்டினார்கள். பொதுஜனத்தின் நாக்கு எப்போதும் இப்படித்தான்.

இந்த நேரத்தில்தான், 1940 அக்டோபர் தொடக்கத்தில், பிரதமர் சர்ச்சில் மோரிசனைக் கூப்பிட்டு உள்துறையையும் உள்நாட்டுப் பாதுகாப்பையும் ஒப்படைத்தார்.

பூட்டிய ஆபீஸ்கள்

டிசம்பர் 29. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. லண்டனின் வியாபாரப் பகுதியில் ஆபீஸ், கிடங்கு, கடை எல்லாம் பூட்டிக் கிடந்தன. மேலே இருந்து சின்னச் சின்ன நெருப்புக் குண்டுகள் ஆயிரக்கணக்கில் கொட்டின.

நெருப்புக் குண்டு விழுந்த உடனே ஒரு வாளி மண்ணைக் கொட்டினால் அணைந்துவிடும். கொட்டத்தான் ஆள் இல்லை. கதவுகள் பூட்டு. சாவி முதலாளி வீட்டில்!

பெரிய தண்ணீர்க் குழாய் உடைந்தது. தேம்ஸ் நதியில் அன்று நீர் வற்றிய நேரம். பம்பை ஆற்றில் இறக்கினால் சேறுதான் வந்தது. செயிண்ட் பால் தேவாலயம் தப்பியது. அதைச் சுற்றி இருந்த தெருக்கள் சாம்பல்.

மோரிசன் உடனே உத்தரவு போட்டார். இனி ஒவ்வொரு கட்டடத்துக்கும் ராத்திரிக் காவல் கட்டாயம். குமாஸ்தாவோ, மானேஜரோ, முறை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்க வேண்டும். குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களின் நிலவறைகளைப் பூசி மெழுகித் தண்ணீர்த் தொட்டி ஆக்கினார்கள். வீட்டுக்குள்ளேயே மேஜை மாதிரி போட்டு, அடியில் படுத்துக்கொள்ளும் இரும்புக் கூண்டும் அவர் காலத்தில் வந்ததுதான். மோரிசன் கூண்டு என்றே அதற்குப் பெயர். 1941 முடிவதற்குள் 5 லட்சம் கூண்டுகள் வீடுகளுக்குப் போய்விட்டன.

ஆனால் பெரிய கேள்வி அப்படியே நின்றது. 1,600 படைகளை என்ன செய்வது?

மந்திரியின் தர்மசங்கடம்

ஒன்றாக்கு என்று பலர் சொன்னார்கள். தீயணைப்போர் சங்கமும் அதையே கேட்டது. தயங்கியவர் மோரிசன்தான்.

காரணம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் கவுன்சில் அரசியல் செய்தவர் அவர். ஊர்க் காரியத்தை ஊர்க்காரன் பார்க்க வேண்டும், தலைநகரில் உட்கார்ந்துகொண்டு மந்திரி பிடுங்கக் கூடாது என்று மேடை மேடையாகப் பேசியவர். இன்று அவரே பிடுங்கவேண்டும் என்றால்? கவுன்சிலர்கள் எல்லாம் அவருடைய பழைய கூட்டாளிகள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்தத் தயக்கத்தை எரித்தது பிளிமத் நகரம். 1941 மார்ச்சிலும் ஏப்ரலிலும் அந்தத் துறைமுகத்தில் ராத்திரி ராத்திரியாகக் குண்டு விழுந்தது. சுற்றுப்பட்ட ஊர்களில் இருந்து உதவிக்குப் படைகள் ஓடி வந்தன. வந்து என்ன பயன்? கொண்டுவந்த குழாய் அங்கிருந்த தெருக் குழாயில் மாட்டவில்லை. யார் உத்தரவை யார் கேட்பது என்றும் தெரியவில்லை. பெரிய நகரத்தில் இருந்து வந்த அனுபவசாலி, உள்ளூர்த் தலைவர் சொல்படிதான் நடக்க வேண்டும். அவருக்கு இந்த அளவு தீயைப் பார்த்துப் பழக்கமே கிடையாது.

மே முதல் வாரம் லிவர்பூல் எரிந்தது. மே 10 ராத்திரி மறுபடி லண்டன். ஒரே ராத்திரியில் 1,400க்கும் மேற்பட்டோர் பலி. பார்லிமெண்ட் மக்கள் சபை மண்டபமே விழுந்தது.

மோரிசன் முடிவு கட்டிவிட்டார். மசோதா வந்தது. இரண்டு சபைகளிலும் சில நாளில் நிறைவேறியது. மே 22-ந் தேதி சட்டம் ஆயிற்று. சாதாரண காலமாக இருந்தால் கமிட்டி போட்டே பத்து வருஷம் ஓட்டியிருப்பார்கள்.

கவுன்சில்காரர்களுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். இது போருக்காக மட்டும். போர் முடிந்ததும் படைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

பெயரிலேயே நெருப்பு

1941 ஆகஸ்டு 18. தேசியத் தீயணைக்கும் படை பிறந்தது. நாடு முழுவதும் சுமார் 40 பிரிவுகள். அன்றோடு துணைப் படை என்ற பெயரே போயிற்று. பழையவர், தொண்டர் எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே பதவிப் பட்டியல், ஒரே பயிற்சி. போலீஸ்காரர்களின் தீயணைக்கும் வேலையும் அத்தோடு முடிந்தது.

தலைவராக வந்தவர் ஐல்மர் பயர்பிரேஸ். பெயரிலேயே பயர் இருக்கிறது, கட்டுக்கதை அல்ல, குடும்பப் பெயரே அதுதான்! கடற்படையில் இருந்தவர். 1919-ல் லண்டன் தீயணைக்கும் படைக்கு வந்து, 1938-ல் அதன் தலைவர் ஆனவர்.

பிரைட்டனுக்குப் பக்கத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றை எடுத்து அதிகாரிகளுக்குக் கல்லூரி ஆக்கினார்கள். உல்லாசப் பயணிகள் தங்கிய அறைகளில் நேற்றைய குமாஸ்தாவும், இருபது வருஷம் அனுபவம் உள்ள பழைய தீயணைப்பாளரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய். ஊரில் ராஜா மாதிரி இருந்த பல தலைவர்கள் ஒரே நாளில் பத்தோடு பதினொன்று ஆனார்கள். தொண்டராக வந்தவன் தனக்கு மேலதிகாரி ஆனதைப் பழைய ஆட்கள் பலரால் சகிக்க முடியவில்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. வாழ்நாள் தொழிலாகச் செய்தவர்கள் அவர்கள். ஆனால் ஆள் கணக்கைப் பார்த்தால் மோரிசனுக்கு வேறு வழி இல்லை. பத்தில் ஒன்பது பேர் தொண்டர்களாக இருக்கிற படையில், தொண்டர்களைக் கீழே வைத்துக்கொண்டு எத்தனை நாள் வண்டி ஓட்ட முடியும்?

உச்சகட்டத்தில் இந்தப் படையில் 3 லட்சத்து 70 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதில் 80 ஆயிரம் பேர் பெண்கள். டெலிபோனில் தகவல் வாங்கி வண்டி அனுப்புவது, குண்டு விழும் தெருவில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு போவது, வண்டி ஓட்டுவது எல்லாம் அவர்கள் வேலை.

இதில் ஒரு விசித்திரம். படை தயாரானபோது ஹிட்லர் ருஷியா பக்கம் திரும்பிவிட்டான். பெரிய குண்டு வீச்சு மே மாதத்தோடு நின்றுவிட்டது. மோரிசனின் படைக்குச் சோதனை 1942 ஏப்ரலில்தான் வந்தது. எக்சிட்டர், பாத், நார்விச், யார்க் என்று பழம்பெருமை உள்ள நகரங்களைப் பார்த்துப் பார்த்துத் தாக்கினார்கள். வெளியூர்ப் படைகள் வந்தன. இந்தத் தடவை உத்தரவு கொடுப்பவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. 1944-ல் ஆள் இல்லாமல் பறந்து வந்த குண்டுகளையும், அப்புறம் ராக்கெட்டுகளையும் சமாளித்ததும் இதே படைதான்.

இவ்வளவுக்கும் விலை இருந்தது. போர் முடிவதற்குள் தீயணைக்கும் பணியில் உயிர் விட்டவர்கள் 800க்கும் மேல். அதில் பெண்களும் உண்டு.

கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று?

1945-ல் போர் முடிந்தது. தேர்தலில் தொழிலாளர் கட்சி ஜெயித்தது. அட்லி பிரதமர். மோரிசன் அவருக்கு அடுத்த இடம். இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்த மந்திரிசபை அதுதான்.

கவுன்சில்காரர்கள் வந்து நின்றார்கள். எங்கள் படை எங்கே என்று கேட்டார்கள்.

1947-ல் சட்டம் வந்தது. 1948 ஏப்ரல் 1-ந் தேதி தேசியப் படை கலைக்கப்பட்டது. ஆனால் திரும்பிப் போனது மாவட்டக் கவுன்சில்களுக்கும் பெரிய நகரங்களுக்கும் மட்டும்தான். 1,600க்கும் மேல் எடுத்தவர்கள் 150க்கும் குறைவாகத் திருப்பிக் கொடுத்தார்கள். சின்ன ஊர்களுக்குச் சொந்தப் படை திரும்ப வரவே இல்லை. பாதி வாக்கைக் காப்பாற்றினார்கள், பாதி வாக்கைக் காற்றில் விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே மாதிரிக் குழாய், ஒரே மாதிரிப் பதவி என்பது மட்டும் நிலைத்துவிட்டது. பழைய குளறுபடிக்கு யாரும் போகவில்லை.

தொண்டர்களில் பெரும்பாலோர் உடுப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்கும் ஆபீசுக்கும் திரும்பினார்கள். சிலர் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். 1949-ல் அணுகுண்டுப் பயத்தில் துணைத் தீயணைக்கும் படையைப் பழைய பெயரிலேயே மறுபடி தொடங்கினார்கள். 1968-ல் அதையும் கலைத்துவிட்டார்கள்.

மோரிசனுக்குப் பிரதமர் ஆசை இருந்தது. கிடைக்கவில்லை. 1951-ல் சில மாதம் வெளிநாட்டு மந்திரியாக இருந்தார். அந்த வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1955-ல் அட்லி விலகியபோது கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். கெயிட்ஸ்கெல் என்ற இளையவரிடம் தோற்றார். கடைசிக் காலத்தில் சினிமா தணிக்கை வாரியத்துக்குத் தலைவராக இருந்தார்.

1959-ல் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. பட்டத்தோடு ஒரு ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்வது அங்கே வழக்கம். லாம்பெத் பிரபு என்று வைத்துக்கொண்டார். அவர் பிறந்த ஸ்டாக்வெல் லாம்பெத்தில்தான் இருக்கிறது. லண்டன் தீயணைக்கும் படையின் தலைமை நிலையமும் அப்போது அங்கேதான் இருந்தது. 1965 மார்ச் 6-ந் தேதி அவர் காலமானார். வயது 77.